பாடியை இரண்டு இஞ்ச் தூக்கிய ஜிப்சி: ஆர்.சி. புதுப்பிக்க முடியுமா?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. 2006-ஆம் வருட மாருதி ஜிப்சி வைத்திருக்கிறேன். 2021-ல் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்தேன், இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. தோட்டத்துச் சேற்றுக்காகப் பெரிய டயர் மாட்டியபோது வளைவில் பாடியில் உரசியது. பட்டறையில் நைலான் ராடை லேத்தில் கடைந்து இரண்டு இஞ்ச் கட்டைகள் செய்து, சேஸிஸுக்கும் (அடிச்சட்டம்) பாடிக்கும் நடுவே வைத்து நீள போல்ட் போட்டு முடுக்கினோம். ஸ்டியரிங் ஷாஃப்ட் எட்டாததால் நடுவில் ஒரு துண்டு வைத்து வெல்டிங் செய்தார்கள். போன மாதம் மலைப்பாதையில் பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தி 182ஏ(4) என்று சலான் போட்டுவிட்டார். இப்போது பதிவை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. என் ஆர்.சி.யில் வண்டியின் உயரம் என்று ஒரு வரிகூட இல்லை. இல்லாததை எப்படி மாற்றியதாகச் சொல்கிறார்கள்? 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்கிறார் மெக்கானிக். சலானைக் கட்டலாமா? இன்சூரன்ஸ் செல்லுமா? தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ளலாமா?

பதில்: முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை நான் படித்தபோது சலானைவிட, நோட்டீஸைவிட என்னை உறுத்தியது அந்த ஸ்டியரிங் ஷாஃப்ட்தான். மலைப்பாதையில் இறங்கும் வண்டியின் திருப்புவிசை முழுவதும் ஒரு வெல்டிங் பற்றின் மேல் நிற்கிறது. சட்டப் பிரச்சினைக்கு அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. அதை மாற்றும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமானாலும் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். உயரம் ஆர்.சி.யில் இல்லை என்பது வெறும் குதர்க்கம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றுதான் சொல்கிறது. அப்படியானால் ஆர்.சி.யில் இல்லாத விவரம் எப்படி மாறுபடும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஒரு இஞ்ச் ரப்பர் புஷ் மட்டும் வைத்த வண்டியாக இருந்தால், இதை நானே நீதிமன்றத்தில் நின்று பேசிப் பார்ப்பேன்.

ஆனால் அதே பிரிவின் விளக்கவுரை, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றமே ‘மாற்றம்’ என்கிறது. பாடி சேஸிஸில் உட்காரும் இடத்தை மாற்றி, ஸ்டியரிங்கை வெட்டி நீட்டிவிட்டு, கட்டமைப்பைத் தொடவே இல்லை என்று வாதிடுவது கடினம். தவிர, கேரளத்திலிருந்து போன கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. மாதிரி வண்டியைச் சோதித்துச் சான்று வாங்கிய பிறகே தயாரிப்பாளர் விற்பனைக்கு விடுகிறார். அந்த வடிவத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் நைலான் கட்டையை எந்தச் சோதனை நிலையமும் பார்த்ததில்லை. ஆர்.சி. முடிய மூன்று மாதம் இருக்கும்போது இந்த வாதத்தை நம்பி வழக்கு நடத்துவது உங்களுக்குக் கட்டாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே ஆர்.சி. காலாவதியாகிவிடும்.

மெக்கானிக் சொன்ன 14 நாள் கணக்கு அரைகுறையானது. பிரிவு 52-ல் அப்படி ஒரு காலவரம்பு இருப்பது உண்மை. ஒப்புதல் இல்லாமல் மாற்றம் நடந்திருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யைக் கொடுத்து, அதில் பதிய வைக்க வேண்டும். அது உரிமையாளர் மேல் சுமத்திய கடமை. சட்டம் தடுத்த மாற்றத்தைச் சரியாக்கும் வழி அல்ல. எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் கையாலேயே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாகத்தான் ஆகியிருக்கும். எரிபொருள் மாற்றும் கிட்டுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்காக அமைக்கும் வண்டிக்கும் சட்டம் தனியாகக் கதவு திறந்து வைத்திருக்கிறது. பாடி லிஃப்டுக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

சலான் விஷயம். 182ஏ(4) என்பது 2019 திருத்தத்தில் வந்த பிரிவு. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். லிஃப்ட் ஒன்று, டயர் ஒன்று, முன்னால் இரும்பு பம்பர் கம்பி இருந்தால் அது ஒன்று என்று பிரித்து எழுத முடியும். (அந்தக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. உங்கள் வண்டியில் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.) உங்களுக்கு ஒரே மாற்றத்துக்குத்தான் சலான் வந்திருக்கிறது என்றால், சண்டை போடாமல் கட்டிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பிரிவு 200-ன்படி இணக்கத் தொகை (வழக்கு நடத்தாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டினால் அந்தக் குற்றம் அதோடு முடிந்தது. ஆனால் கட்டிய ரசீது வண்டிக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அதே கோலத்தில் நாளை இன்னொரு சோதனையில் நின்றால் அது புதுக் குற்றம்.

இப்போது நோட்டீஸ். உங்கள் வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். அது பிரிவு 53-ன் கீழ் வந்த நோட்டீஸாக இருக்க வேண்டும். வண்டியின் நிலை பொதுமக்களுக்கு ஆபத்து என்றோ, சட்டத்துக்கும் விதிகளுக்கும் பொருந்தவில்லை என்றோ அதிகாரி கருதினால், உரிமையாளருக்குப் பேச வாய்ப்பு கொடுத்து, காரணத்தை எழுத்தில் பதிந்து, குறைகள் சரியாகும்வரை பதிவை நிறுத்தி வைக்கலாம். ‘குறைகள் சரியாகும்வரை’ என்பதே உங்களுக்குக் கைப்பிடி. அதிகாரி ஆணை போடும் முன்பே குறையைச் சரிசெய்துவிட்டால், நிறுத்தி வைக்க அவரிடம் காரணம் மிஞ்சாது. நோட்டீஸை அலட்சியப்படுத்தி, நிறுத்தி வைப்பு இடைவெளியின்றி ஆறு மாதம் ஓடிவிட்டால், பிரிவு 54-ன் கீழ் பதிவு ரத்து வரை போகலாம். இருபது வருட வண்டிக்கு ரத்து என்றால் இரும்புக்கடைதான்.

பதிலை இப்படி அமையுங்கள். முதல் பத்தியில் நோட்டீஸ் எண், தேதி, உங்களுக்குக் கிடைத்த தேதி. அடுத்து, வண்டியைத் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்குக் கொண்டுவந்துவிட்டேன் (அல்லது இன்ன தேதிக்குள் கொண்டுவருகிறேன்), நேரில் ஆய்வு செய்து கொள்ளுங்கள் என்று இரண்டே வரி. ‘எனக்குத் தெரியாது, மெக்கானிக் செய்தார்’ என்று கதை எழுதாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றாது, மாற்றம் நடந்ததை மட்டும் உறுதிசெய்யும். ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், அலுவலகத்தில் நேரிலும் ஒரு பிரதி கொடுத்துச் சீல் வாங்குங்கள். இந்த நோட்டீஸ்கள் ஆர்.சி.யில் உள்ள முகவரிக்குத்தான் வரும். வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்தையும் இதோடு முடியுங்கள்.

இதையும் மீறி நிறுத்தி வைப்பு ஆணை வந்தால், கையில் கிடைத்த 30 நாளுக்குள் பிரிவு 57-ன் கீழ் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் விளக்கத்தைக் கேட்காமலே ஆணை போட்டால் மட்டும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுவைப் பற்றி யோசிப்போம்.

கழற்றும் வேலையையும் சாட்சியோடு செய்யுங்கள். நைலான் கட்டைகள் உள்ளபடியே பாடி மவுன்ட் (பாடி சேஸிஸில் உட்காரும் இடம்) ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், கழற்றிய பிறகு ஒரு முறை, பழைய அளவு போல்ட்டும் ரப்பரும் போட்ட பிறகு ஒரு முறை. ஷாஃப்டிலிருந்து நடுத்துண்டை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டவைக்கச் சம்மதிக்காதீர்கள். அது இரண்டாவது வெல்டிங். புதியது கிடைத்தால் புதியது, இல்லையென்றால் உடைப்புக்கு வந்த ஜிப்சியிலிருந்து வெட்டுப்படாத ஷாஃப்ட், எதுவானாலும் பில்லோடு. தூக்கியபோது இழுபட்டிருக்கக்கூடிய பிரேக் பைப், டீசல்காரர்களும் பெட்ரோல்காரர்களும் ஒருசேர மறக்கும் டேங்க் ஹோஸ், எர்த் வயர் மூன்றையும் பார்க்கச் சொல்லி அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. நம்பர் சிதைந்தால் இன்றைய சிக்கல் விளையாட்டாகத் தெரியும். டயரையும் பழைய அளவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உரசல் திரும்ப வரும்.

ஆர்.சி. புதுப்பிக்க படிவம் 25-ஐ, காலம் முடிய 60 நாளுக்கு முன்னால் கொடுக்க முடியாது. ஆகவே உங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வேலைக்கு இருக்கிறது. ஆய்வுக்குப் போகும் நாளில் பில்லும் படங்களும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். சலான் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் கேள்விக்குப் பதில் இரண்டு கூறாக இருக்கிறது. உங்கள் வண்டி மோதி அடுத்தவருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால், கம்பெனி கைகழுவக்கூடிய காரணங்களைப் பிரிவு 150 எண்ணி வைத்திருக்கிறது. வண்டியை மாற்றியது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் முக்கிய விவரத்தை மறைத்து பாலிசி வாங்கியது இருக்கிறது. லிஃப்டுக்குப் பிறகு பாலிசி புதுப்பித்து, மாற்றம் ஏதுமில்லை என்று எழுதியிருந்தால், அவர்கள் அதைத்தான் பிடிப்பார்கள்.

உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கு நிலைமை இன்னும் மோசம். வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது பாலிசியின் நிபந்தனை. சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் அடியில் குனிந்து பார்த்தால் வெள்ளை நைலான் கட்டை கண்ணில் குத்தும். நிபந்தனை மீறல் சேதத்துக்கு அடிப்படைக் காரணமாக இல்லாதபோது கம்பெனி முழுதாக மறுக்க முடியாது என்ற வழியில் பி.வி. நாகராஜு வழக்கும் (1996), 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன அமலேந்து சாஹு வழக்கும் (2010) இருக்கின்றன. நிறுத்தி வைத்த ஜிப்சி மேல் சில்வர் ஓக் மரம் விழுந்தால் இவற்றைத் தூக்கிக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்கு நான் வருவேன். கொண்டை ஊசி வளைவில் ஷாஃப்ட் விட்டுப்போய்க் கவிழ்ந்தால் இரண்டும் உதவாது. அதில் ஒருவர் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1)-ன் கீழ் ஐந்து வருடம்வரை சிறைக்கு வழியுண்டு. வெல்டிங் இருப்பது தெரிந்தே ஓட்டினீர்கள் என்பதற்கு இந்தச் சலானே சாட்சி.

தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவது பற்றி: பொதுமக்களுக்கு நுழையும் உரிமை உள்ள இடம்தான் சட்டத்தின் பார்வையில் பொது இடம். நாலு பக்கமும் வேலி, கேட் போட்ட உங்கள் தோட்டப் பாதை அதில் வராது என்று வாதிடலாம். ஊர்க்காரர்கள் காலங்காலமாக நடந்துபோகும் வண்டிப்பாதை தோட்டத்துக்குள் ஓடினால் அந்த வாதம் நிற்காது. கீழ்மலைத் தோட்டங்களில் அப்படிப் பாதை இல்லாதது அபூர்வம். மேலும் பிரிவு 52 பொது இடத்தைப் பற்றிப் பேசவில்லை. பதிவு இருக்கும் வண்டியை எங்கே நிறுத்தி வைத்திருந்தாலும் அது பொருந்தும்.

பட்டறைமேல் வழக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள் என்று தெரியும். நீங்களே கேட்டுச் செய்துகொண்ட வேலைக்கு நஷ்ட ஈடு கேட்டு ஜெயிப்பது கடினம். கழற்றும் கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

சட்டம் சாராத ஒரு வார்த்தையும் சொல்லிவிடுகிறேன். பாடியைத் தூக்கினால் பாடிதான் உயரும். ஆக்சிலும் அதன் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கும். சேற்றில் தட்டுவது டிஃபரன்ஷியல்தான். மூல அளவிலேயே ஆழப் பட்டன் உள்ள டயர் போட்டு, மழைக்காலத்தில் செயின் சுற்றி ஓட்டுகிறவர்கள் உங்கள் மலையிலேயே இருப்பார்கள், விசாரியுங்கள்.

நோட்டீஸில் பதிலுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் கெடுவை இன்றே பாருங்கள். தாண்டப் போகிறது என்றால், வேலை முடியாவிட்டாலும் கால அவகாசம் கேட்டு ஒரு கடிதத்தை முதலில் அனுப்பிவிடுங்கள்.