ஏன் அந்த வீட்டைக் காலி செய்யவில்லை?

அன்புள்ள சார்,

பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, 'சஸ்பென்ஸ்' தொடரில் வந்த 'தி ஹவுஸ் இன் சைப்ரஸ் கேன்யன்' என்ற ஓநாய் மனிதக் கதையை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். கேட்டேன். ராத்திரி இல்லை, மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே. பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. குடிபோன கையோடு ஊளைச் சத்தம் கேட்கிறது. பூட்டிய அலமாரிக் கதவுக்கு அடியிலிருந்து ரத்தம் கசிகிறது. அப்புறமும் புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே இருக்கிறார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? நடுவில் ஒயின் விளம்பரம் வேறு. ஓநாய் ஓநாய் என்கிறீர்கள், கடைசிவரை ஓநாய் கண்ணில் படவே இல்லை. கட்டி முடிக்காத வீட்டில் அவர்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதும் விளங்கவில்லை. என் பையன் "அது அந்தக் காலம்மா" என்கிறான். அந்தக் காலத்து மனிதர்களுக்கு மூளை கிடையாதா?

அன்புடன்,
க., ஈரோடு

அன்புள்ள க. அவர்களுக்கு,

வணக்கம். மத்தியான வெளிச்சத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டால் எந்தப் பேயும் வராது. அது நாடகத்தின் குற்றமில்லை. ஆனால் "ஏன் காலி செய்யவில்லை" என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அந்த நாடகமே அதன் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

நாடகம் சி.பி.எஸ். வானொலியில் ஒலிபரப்பானது 1946 டிசம்பர் 5, வியாழக்கிழமை. அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். போர் முடிந்து ஒன்றேகால் வருடம். 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு ஓர் உத்தரவு போட்டது: போருக்குத் தேவைப்படாத கட்டடம் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. மரம், இரும்பு, செம்பு எல்லாம் போர்முனைக்குப் போயின. மூன்று வருடத்துக்கும் மேலாக வீடு கட்டும் வேலை ஏறக்குறைய நின்றேபோனது. பிறகு லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஒரே சமயத்தில் ஊர் திரும்பினார்கள். வந்ததும் கல்யாணம், கல்யாணம் ஆனதும் குழந்தை. வீடு மட்டும் இல்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் நிலைமை இன்னும் மோசம். போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்தவர்களால் ஊர் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது. அங்கே கிரிஃபித் பார்க் என்று பெரிய பூங்கா ஒன்று உண்டு. 1946 ஏப்ரலில் அதற்குள் 'ராட்ஜர் யங் வில்லேஜ்' என்று ஒரு குடியிருப்பைத் திறந்தார்கள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். நெளிதகடு போட்ட கொட்டகைகள், ஒரு பெரிய பீப்பாயைப் படுக்கவைத்துப் பாதியாக அறுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ராணுவத்துக்காகச் செய்தவை. சுமார் 750 கொட்டகையில் 1,500 குடும்பங்கள். கணக்கு உங்களுக்கே புரியும்: நடுவில் ஒரு தடுப்பு, இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். வீட்டுக்காரர் தும்மினால் பக்கத்து வீட்டம்மா விழித்துக்கொள்வார்.

இப்போது நாடகத்துக்கு வாருங்கள். அதே லாஸ் ஏஞ்சல்ஸின் மலைச்சரிவில் ஒரு தனி வீடு. புதிது. வாடகைக்குக் கிடைக்கிறது. 1946இல் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முதல் அதிர்ச்சி ஊளையில் வந்திருக்காது, இங்கேயே வந்திருக்கும். மாமியார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிற இளம் தம்பதி இதைக் கேட்டு என்ன நினைத்திருக்கும்? ஊளையாவது ஒன்றாவது, சாவியைக் கொடு. அவர்களில் ஒருவர்கூட "ஏன் காலி செய்யவில்லை" என்று கேட்டிருக்க மாட்டார். காலி செய்துவிட்டு எங்கே போவது?

கட்டி முடிக்காத வீடு என்ற குழப்பமும் இதோடு சேர்ந்ததுதான். கதை எப்படித் தொடங்குகிறது? வீட்டுத் தரகர் ஒருவர் தன் துப்பறியும் நண்பரிடம் ஒரு கைப்பிரதியைக் காட்டுகிறார். போரால் பாதியில் நின்ற வீட்டை மறுபடி கட்டத் தொடங்கியபோது அங்கே ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் அது கிடைத்தது. ஜேம்ஸ் வுட்ஸ் என்பவர் மனைவி எலனோடு அந்த வீட்டில் குடியிருந்த கதை அதில் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இன்னும் யாருமே குடியேறவில்லை. கைப்பிரதியைப் படித்து முடித்து, இருவரும் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவைத்த பிறகு, வீடு கேட்டு ஒரு தம்பதி வருகிறது. பெயர் வுட்ஸ். நீங்கள் கீரைத்தண்டை ஒடிக்கிற சத்தத்தில் அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நடந்ததை எழுதிவைத்த காகிதம் நடப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. எப்படி என்று நாடகம் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் நான் அதைச் சிபாரிசு செய்திருக்க மாட்டேன்.

ஓநாய்க்கு வருகிறேன். 1941இல் யுனிவர்சல் நிறுவனம் 'தி வுல்ஃப் மேன்' என்று ஒரு படம் எடுத்தது. ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ், நடிகர் லான் சேனி ஜூனியரை மணிக்கணக்கில் உட்காரவைத்து, யாக் எருமையின் மயிரைக் கொத்துக் கொத்தாக முகத்தில் ஒட்டினார். அன்றைக்குத் தியேட்டரில் அலறியிருப்பார்கள். இன்று பார்த்தால் சவரம் செய்ய மறந்த ஒரு பாவப்பட்ட மனிதர்தான் தெரிகிறார். ரேடியோவுக்கு மயிர் தேவையில்லை. சத்தம் மட்டும் வேண்டும்.

சத்தத்துக்கு அவர்கள் செய்த வேலைகள் தனிக் கதை. 1934இல் சிகாகோவில் தொடங்கிய 'லைட்ஸ் அவுட்' என்ற திகில் தொடரில், தலையை வெட்டும் சத்தத்துக்கு முட்டைக்கோசை வெட்டினார்கள். மின்சார நாற்காலியில் ஆள் பொசுங்கும் சத்தத்துக்குப் பன்றி இறைச்சியை வாணலியில் வறுத்தார்கள். ஆக, உங்கள் சமையலறை அப்படியொன்றும் தவறான இடமில்லை.

சைப்ரஸ் கேன்யனில் அந்தளவு கசாப்புக்கடை கிடையாது. நீங்கள் அலமாரி என்று எழுதியது நம் பீரோ மாதிரி இல்லை, சுவருக்குள் பொதிந்த, ஆள் நிற்கக்கூடிய துணி அறை. அதற்குள்ளிருந்து வரும் ஊளையை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அது மிருகக் குரலாகவும் இல்லை, பெண் குரலாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ சிக்கிக்கொண்ட தொண்டை. கதவு திறக்கும்போது உள்ளே நிற்பது எலன். கணவனின் கையில் பல்லைப் பதிக்கிறாள். ஓநாய் வரவே இல்லை என்கிறீர்களே, வேறு எப்படி வர வேண்டும்? அப்புறம் பால்காரர் கொல்லப்படுகிறார். நம்மிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவரோ கடிபட்டவர். அவருக்கு இனி என்ன ஆகும் என்பதை அவருக்கு முன்பே நாம் யோசித்துவிடுகிறோம்.

அந்தக் கணவனாக நடித்தவர் ராபர்ட் யங். சாதுவான குரல். சில வருடம் கழித்து 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' தொடரில் அமெரிக்காவுக்கே நல்ல அப்பாவாக ஆனவர். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஒரு வில்லன் நடிகர் இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். இவர் வீட்டுக் கணக்கு எழுதுகிற மாதிரி நிதானமாகச் சொல்கிறார். எலனாக வரும் கேத்தி லூயிஸும் காலை உணவு மேசையில் எதுவுமே நடக்காதது போல இயல்பாகப் பேசுகிறார். எனக்கு ரத்தத்தைவிட அந்த இடம்தான் பயம்.

ஒயின் விளம்பரத்தைப் பற்றி என்ன சொல்ல. ரோமா ஒயின் கம்பெனி காசு கொடுத்தது, நாடகம் நடந்தது. "ஆர்-ஓ-எம்-ஏ" என்று எழுத்துக்கூட்டிச் சொல்வதைக் கேட்டால் எனக்கு இப்போது சிரிப்புதான் வருகிறது. ஆனால் ஊளைக்கும் ஊளைக்கும் நடுவே அந்தக் குழைவான குரல் வந்து போவதில் ஒரு குரூரம் இருக்கிறது, ரசிக்கலாம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. அந்தத் துப்பறியும் நண்பர் சாம். அவராக வருபவர் ஹோவர்ட் டஃப். அதே வருடம், அதே வானொலியில், சாம் ஸ்பேட் என்ற துப்பறிவாளராக அவர் வாராவாரம் வந்துகொண்டிருந்தார். இரண்டுக்கும் தயாரிப்பாளர் வில்லியம் ஸ்பையர்தான். அன்றைய நேயருக்கு அது ஒரு கண்சிமிட்டல். இன்றைக்கு நமக்கு அது எட்டாது. முதல் சில நிமிடங்கள் தொய்வாக இருப்பது அதனால்தான், நீங்கள் அங்கேயே கீரைப் பக்கம் போய்விட்டதில் ஆச்சரியமில்லை.

கடைசியாக ஒன்று. கல்யாணமான புதிதில் நாங்கள் சென்னையில் வீடு தேடி அலைந்தோம். ஏழோ எட்டோ வீடு பார்த்த பிறகு ஒன்று அமைந்தது. இரண்டு அறை, அதில் ஒன்று பூட்டியிருந்தது. "ஓனர் சாமான் கொஞ்சம் கிடக்கு, அதை நீங்க கண்டுக்காதீங்க" என்றார் தரகர். ராத்திரியில் அதற்குள்ளிருந்து ஏதோ உருளும் சத்தம் கேட்கும். பெருச்சாளி என்பேன் நான். என் மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். அந்த வீட்டில் நான்கு வருடம் இருந்தோம். வாடகை குறைவு, குழாயில் தண்ணீர் வேறு வரும்.