மனுவில் ‘விக்டிமைசேஷன்’ என்று எப்போது எழுதலாம்?

கேள்வி: தனியார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சங்கத்தில் சேர்ந்த சில வாரங்களில் என்னை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பிருந்தே மேலாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டுவார். ஆங்கிலத்தில் மனு எழுதித்தரும் நண்பர் ‘விக்டிமைசேஷன்’ என்று போடச் சொல்கிறார். ‘ஹராஸ்மென்ட்’ என்றால் போதாதா?

பதில்: உங்கள் கதையில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட முடியாது. மேலாளர் திட்டுவது ஹராஸ்மென்ட், அதாவது தொல்லை கொடுப்பது. ஒரே வேலைக்குச் சாதி, மதம், பால் பார்த்து வேறு வேறு விதமாக நடத்தினால் அது டிஸ்கிரிமினேஷன், பாகுபாடு. விக்டிமைசேஷனை நம் சங்கத்துக்காரர்கள் ‘பழிவாங்கல்’ என்பார்கள், பொருத்தமான சொல்தான். ‘இவர் இன்னதைச் செய்தார், அதனால் இந்தத் தண்டனை’ என்ற தொடர்பு அதில் இருந்தாக வேண்டும். திட்டு சங்கத்துக்கு முன்பே தொடங்கியதால் அந்தத் தொடர்பு அதில் இல்லை. மாற்றலில் இருக்கலாம்.

விக்டிம் என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்குப் பலி விலங்கு என்று பொருள். பாரத் அயர்ன் ஒர்க்ஸ் வழக்கில் (1976) உச்ச நீதிமன்றமும் அந்தப் பொருளைத் தொட்டது: உண்மையான குற்றம் ஏதும் இல்லாதவரைப் பலியாளைப் போலத் தண்டிப்பதே விக்டிமைசேஷன். அதே தீர்ப்பு சொன்ன இன்னொன்றை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். இது முதலாளி மீது சுமத்தப்படும் கடுமையான குற்றச்சாட்டு. ஆகவே விவரங்களை முழுமையாகச் சொல்ல வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பும் சொல்பவருடையது. திருட்டு, அடிதடி போன்ற பெரிய ஒழுங்கீனம் முறையாக நிரூபணமாகிவிட்டால் ‘பழிவாங்கல்’ வாதம் பெரும்பாலும் நிற்காது. அற்பத் தவறுக்கு, எந்த நியாயமான முதலாளியும் தராத அளவு தண்டனை கொடுத்திருந்தால் கதை வேறு. அந்த மிகையையே பழிவாங்கலின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கும் முன்பே ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்தில் இதற்கு இடம் ‘நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள்’ என்ற பட்டியல். 1947 தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் இருந்தது, 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின் (இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் கோட்) இரண்டாவது அட்டவணைக்கு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் உள்ளது. ஒரு நுட்பம்: பட்டியலில் விக்டிமைசேஷன் என்ற சொல் வருவது வேலைநீக்கம் பற்றிய இனத்தில். கொள்கை என்ற போர்வையில் கெட்ட எண்ணத்துடன் இடமாற்றம் செய்வது தனி இனம். உங்களுடையது மாற்றல் என்பதால் அந்த இனத்தின் வாசகத்தையும் மனுவில் எழுதுங்கள். நண்பர் சொன்ன சொல்லை மட்டும் நம்பினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான்.

‘ஐ ஆம் பீயிங் விக்டிமைஸ்டு பை தி மேனேஜ்மென்ட்’ என்ற ஒற்றை வரி எந்த மனுவுக்கும் பலம் தராது. அதன் பின்னால் தேதிகள் வர வேண்டும். சங்கத்தில் சேர்ந்த நாள், அது நிர்வாகத்துக்குத் தெரியவந்த நாள், மாற்றல் உத்தரவின் நாள். மூன்றில் நடுவில் இருப்பதுதான் பலரிடம் இருக்காது. நிர்வாகத்துக்கே தெரியாதென்றால் எதற்குப் பழிவாங்குவார்கள்? சங்கம் உறுப்பினர் பட்டியலை நிர்வாகத்துக்குக் கொடுத்திருந்தால் பெற்றுக்கொண்டதாக நிர்வாகம் கையொப்பமிட்ட நகலை வாங்கி இணையுங்கள். அடுத்து ஒப்பீடு: சங்கத்தில் இல்லாத, உங்களைவிடச் சேவைக்காலம் குறைந்த யாரையும் மாற்றவில்லையா? அந்தக் கிளையில் உங்கள் வேலைக்கு உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் ஊகத்தை உண்மைபோல் எழுத வேண்டாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கோபத்தில் புதிய இடத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அனுமதியின்றி வராதது தனி ஒழுங்கீனமாகி, சார்ஜ் மெமோ கைக்கு வந்துவிடும். நிர்வாகத்துக்குத் தேவைப்பட்ட காரணத்தை நாமே கொடுத்ததாகும். ‘ஆட்சேபத்துடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பணியேற்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துச் சேருங்கள். பிறகு சங்கம் மூலம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் பிரச்சினையை எழுப்புங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தள்ளினால் சமரசத்துக்கே எடுக்க மாட்டார்கள்.

வெளிநாட்டு நிறுவனத்தின் கையேட்டில் இதே சொல் வந்தால் கவனம். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், பிரிவு 27இல், பாகுபாடு பற்றிப் புகார் கொடுத்தவரையோ அந்தப் புகாரில் சாட்சி சொன்னவரையோ அதற்காகவே பாதிப்புக்குள்ளாக்குவதுதான் விக்டிமைசேஷன். கெட்ட எண்ணத்துடன் கொடுத்த பொய்ப் புகாருக்கு அங்கே பாதுகாப்பு கிடையாது. சங்கத்தில் சேர்ந்ததற்காக மட்டும் நடந்த மாற்றல் அந்த விளக்கத்துக்குள் வராது. உங்கள் மனுவில் அதை மேற்கோள் காட்டாதீர்கள்.