மில்லிசென்ட் ஃபாசெட்டின் பதினேழு ஆண்டுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் மில்லிசென்ட் ஃபாசெட்டின் சிலையைப் பார்த்தேன். பெண்களின் வாக்குரிமைக்காகக் கடைசிவரை பாடுபட்டவர். அவர் 19 வயதில் பார்வையற்ற அரசியல்வாதி ஒருவரை மணந்து, கணவருக்குப் படித்துக்காட்டவும் எழுதிக்கொடுக்கவுமே 17 ஆண்டுகளைச் செலவழித்தார் என்று பிறகு படித்தேன். அவ்வளவும் வீண்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 17 ஆண்டுகள் இல்லையென்றால் நீங்கள் பார்த்த சிலையே இருந்திருக்காது.

மில்லிசென்டின் கணவர் ஹென்றி ஃபாசெட், சாலிஸ்பரி நகரத்துத் துணி வியாபாரியின் மகன். 1858 செப்டம்பரில் அப்பாவும் பிள்ளையும் வேட்டைக்குப் போனார்கள். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை. கௌதாரியைக் குறிவைத்து அவர் சுட்ட ரவைகள் பிள்ளையின் இரு கண்களிலும் பாய்ந்தன. ஹென்றிக்கு அப்போது வயது 25. வக்கீலாகும் எண்ணத்தை விட்டார். குதிரைச் சவாரியை, மீன்பிடிப்பதை, உறைந்த நீரில் சறுக்குவதை விடவில்லை. 1863-இல் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியர். 1865-இல் பிரைட்டன் தொகுதி எம்.பி.

நம்மவர்கள் அவரை மறந்திருக்கக் கூடாது. 1867-இல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் விருந்தும் நடனமும் நடத்திவிட்டு, செலவை இந்திய வருவாயில் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவில் பஞ்சம். சபையில் அதை எதிர்த்துப் பேசியவர் ஹென்றி. 'இந்தியாவின் உறுப்பினர்' என்ற பெயர் இப்படித்தான் அவருக்கு வந்தது. அவர் தேர்தலில் தோற்றபோது இங்கிருந்தே பணம் திரட்டி அனுப்பினார்கள்.

அதே 1867-இல்தான் திருமணம். இங்கிலாந்தில் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்ணுக்குப் பட்டம் தராத காலம் அது. ஒரு பேராசிரியருக்காக, ஒரு எம்.பி.க்காக நாள்தோறும் வாய்விட்டுப் படிப்பதும், அவர் சொல்லச் சொல்ல எழுதுவதும் எவ்வளவு பெரிய படிப்பு என்று யோசித்துப் பாருங்கள். மில்லிசென்ட் படித்ததைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். 1870-இல் தொடக்கநிலை மாணவர்களுக்கான பொருளாதார நூலொன்று அவர் பெயரிலேயே வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. வாக்குரிமை மேடைகளில் பேசத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். மனைவி மேடையேறுவதை ஊர் ஏளனம் செய்த நாளில், ஹென்றி அவருக்குப் பக்கபலமாக நின்றார். பெண்களின் வாக்குரிமையைத் திருமணத்துக்கு முன்பே ஆதரித்தவர் அவர்.

பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசில் தபால்துறைத் தலைவராக இருந்தபோது, 1884-இல், 51 வயதில் ஹென்றி இறந்தார். பார்சல் தபால் அவர் கொண்டுவந்தது.

மகள் பிலிப்பாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு இந்தக் குடும்பத்தில் அவர்மீதுதான் பிரியம் அதிகம். அவர் கைக்குழந்தையாக இருந்த 1869-இல், கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு வகுப்புகள் தொடங்குவதுபற்றிப் பெற்றோரின் வீட்டுக் கூடத்தில் கூடிப் பேசினார்கள். நியூன்ஹாம் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. பிலிப்பா அங்கேயே கணிதம் படித்தார். 1890 ஜூனில் கேம்பிரிட்ஜ் செனட் மண்டபத்தில் கணிதத் தேர்வு முடிவுகளை அறிவித்தபோது, முதலில் ஆண்களின் பட்டியலை வாசித்தார்கள். அடுத்துப் பெண்களின் பட்டியல். அதில் முதல் பெயர் பிலிப்பா. அவருடைய இடம், ஆண்களில் முதலாவதாக வந்தவருக்கும் மேலே என்று அறிவித்தபோது எழுந்த ஆரவாரத்தில் வாசிப்பவரின் குரலே கேட்கவில்லை.

பட்டம் மட்டும் தரவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க 1948 ஆயிற்று.