பலமிழந்த எலும்பில் இம்ப்ளாண்ட் பிடிக்குமா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எலும்புப்புரை (எலும்பு மெலிந்து பலமிழக்கும் நோய்) உள்ள அம்மாவுக்கு இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை. உள்ளே பொருத்தும் டைட்டானிய உலோகத் துண்டு, அதாவது இம்ப்ளாண்ட், எலும்போடு ஒட்டுவது பசையாலா?

பதில்: பசை இல்லாமலும் ஒட்டும். எலும்பே வளர்ந்து வந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். 1950களில் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரனெமார்க் முயலின் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் திணறினார். விஷயம் அங்கேதான் பிடிபட்டது. எலும்பு ரொம்பப் பலவீனமாக இருந்தால் எலும்புக்கென்றே உள்ள சிமென்ட் வைத்துப் பொருத்துவதும் உண்டு. அது பின்வாங்கல் இல்லை, பல முதியவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

கேள்வி: பலவீனமான எலும்பில் அப்படி என்ன சிக்கல்?

பதில்: நல்ல எலும்பில் ஸ்க்ரூவை முறுக்க முறுக்கக் கைக்கு எதிர்ப்பு தெரியும். எலும்புப்புரையில் இறுகிக்கொண்டே வந்து, சட்டென்று பிடி விட்டு வெறுமனே சுழலும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்த நொடியில் வயிறு கலங்கும். முதல் பிடி தளர்ந்தால் இம்ப்ளாண்ட் ஆடும். அந்த ஆட்டம் சுமார் 150 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் துளையைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டு, சுற்றியுள்ள எலும்பை நெருக்கிப் பதிக்கிறோம்.

கேள்வி: மேற்பூச்சு போட்ட இம்ப்ளாண்ட் கேட்டு வாங்கலாமா?

பதில்: மணல் வீச்சும் அமிலமும் கொண்டு சொரசொரப்பாக்கிய பரப்பு, எலும்பிலேயே இருக்கும் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு இரண்டுமே உதவும். ஆனால் எலும்பு கட்டும் செல்கள் சோம்பிக் கிடந்தால் பூச்சு மட்டும் என்ன செய்யும்? முதலில் எலும்புக்கு வைத்தியம், அப்புறம்தான் உலோகத்தைப் பற்றிய பேச்சு.

கேள்வி: அந்த வைத்தியம் எது?

பதில்: டெரிபாரடைட் தினசரி ஊசி புது எலும்பு வளரத் தூண்டும். முதுகெலும்பு ஸ்க்ரூக்களுக்கு முன்னும் பின்னும் இதைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கும்.

கேள்வி: பிஸ்பாஸ்போனேட் எடுப்பவர் பல் இம்ப்ளாண்ட் வைக்கலாமா?

பதில்: பெரும்பாலும் வைக்கலாம். தாடை எலும்பு அழுகும் அபாயம் சிறியது, ஆனால் நிஜம். மருந்தின் பெயரையும் எத்தனை வருடமாக எடுக்கிறார் என்பதையும் பல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை அறுவைக்காக நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து இல்லாமல் விட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பு முறிய வாய்ப்பு உண்டு.

கேள்வி: சிகரெட்?

பதில்: இன்றே விடுங்கள்.