உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

கேள்வி: எனக்கு வயது 53. லண்டன் ஹரோவில் மனைவியோடும் அம்மாவோடும் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மகள் பல்கலைக்கழகம் போனதும், இனி நாங்கள் இருவர்தானே என்று குடும்பக் காரை விற்றுவிட்டு, இளவயதிலிருந்து ஆசைப்பட்ட லோட்டஸ் எலீஸ் என்ற இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். 1998ஆம் ஆண்டு வண்டி. மழைநீர் கூரையின் ஓரத்தால் உள்ளே வடிவது, வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுவது, மோட்டர்வேயில் பேச முடியாத இரைச்சல் ஆகிய எல்லாவற்றையும் பழகிக்கொண்டேன். இப்போது ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேற்பகுதி பொருந்தும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது. திருத்த 1,900 பவுண் கேட்கிறார்கள். திருத்துவதா, டொயோட்டா எஞ்சின் பூட்டிய பிந்தைய எலீஸுக்கு மாறுவதா? மனைவிக்கு இரண்டிலும் விருப்பமில்லை. இடவசதி எங்களுக்குப் பிரச்சினை இல்லை. (அம்மாவை ஒரு முறை கண் மருத்துவரிடம் அதில் அழைத்துப் போனதோடு சரி. முன்பு வெள்ளிதோறும் ஈலிங் அம்மன் கோயிலுக்கு வருவார். இப்போது அவருக்கு வெளியே போவதில் ஆர்வம் குறைந்துவிட்டது.) உங்கள் ஆலோசனை என்ன?
— வாசகர், ஹரோ

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கேஸ்கட்டைப் பற்றி நீங்கள் எழுதியவற்றில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. என் கணவர் முப்பது ஆண்டுகள் கராஜ் வைத்திருந்தவர். அந்த எஞ்சினோடு வந்து நின்றவர்களின் முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவைத்த அந்த மூன்று வரிகள்தான்.

அம்மாவுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்கிறீர்கள். எப்போதிலிருந்து குறைந்தது என்று எழுதவில்லை. நான் சொல்கிறேன்: கண் மருத்துவரிடம் போய்வந்த அந்த நாளிலிருந்து.

அன்று நடந்ததை நீங்கள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தீர்கள். அதையே அவர் பக்கத்திலிருந்து ஒரு முறை பாருங்கள். எலீஸின் கதவைத் திறந்தால் தெருவுக்கும் இருக்கைக்கும் நடுவே முழங்கையளவு அகலத்தில் ஒரு திட்டு நிற்கும். அந்தக் காரின் உறுதி முழுவதும் இரு பக்கங்களிலும் ஓடும் அந்த அலுமினியப் பெட்டிகளில்தான் இருக்கிறது. அவற்றைத் தாழ்த்தினால் சட்டகம் தளர்ந்துவிடும். ஆகவே ஏறுகிறவர் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, தலையைக் குனிந்து, கூரையின் விளிம்புக்கும் அந்தத் திட்டுக்கும் இடையில் உடம்பை நுழைத்து, ஏறத்தாழ நிலத்தின் மட்டத்தில் இருக்கும் ஆசனத்தில் விழ வேண்டும். வண்டியின் மொத்த உயரமே ஏறத்தாழ 1.2 மீட்டர். இதைக் காற்சட்டை போட்ட இருபது வயதுப் பிள்ளை செய்தால் விளையாட்டு. சேலை உடுத்த ஒரு முதிய பெண் செய்ய வேண்டுமென்றால், நடுத்தெருவில் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மழைச்சேறு படிந்த திட்டின்மேல் உட்கார்ந்து நகர வேண்டும். இறங்கும்போது மகன் சுற்றி வந்து இரண்டு கைகளையும் பிடித்து இழுக்க, போகிறவர்கள் நின்று பார்க்க, முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் எழுந்து நிற்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் மானமாக உடுத்து மானமாக நடந்த ஒருவர் இதை இரண்டாம் முறை செய்ய மாட்டார். செய்ய முடியாது என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார், ஏனெனில் அந்தக் காரைத் துடைக்கும்போது உங்கள் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை அவர் யன்னலால் பார்த்திருக்கிறார்.

அதனால் "நான் வரேல்லை, நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ" என்றிருப்பார். நீங்களும் போட்டு வந்தீர்கள். மூன்று ஆண்டுகள் போட்டு வந்தீர்கள்.

காரை வாங்கியபோது செய்த கணக்கையும் பாருங்கள். வசிப்பது "மனைவியோடும் அம்மாவோடும்" என்று தொடங்கிய கடிதத்தில் அடுத்த வரியிலேயே "நாங்கள் இருவர்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் சாப்பிடும் வீட்டில் எந்தக் கணக்கில் இருவர்? இதை எழுத்துப் பிழையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மகள் படிக்கப் போனதும் வீட்டின் பொறுப்புகள் முடிந்துவிட்டன என்று எண்ணிவிட்டீர்கள். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது மட்டும்தான் குடும்பக் காரின் வேலை என்று யார் உங்களுக்குச் சொன்னது? சிறுவயதில் உங்களைத் தூக்கித் திரிந்தவருக்கு இப்போது ஓர் ஆசனம் தேவைப்படுகிறது. அது கடமை. விருப்பமிருந்தால் செய்வது, வசதிப்பட்டால் செய்வது என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அம்மாவிடம் ஃபிரீடம் பாஸ் இருக்கிறது, பஸ்ஸில் இலவசமாகப் போகலாமே என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். சனவரி மாத மாலை இருட்டில், அர்ச்சனைத் தட்டோடு, நனைந்த தரையில், முழங்கால் வலியோடு தனியாகப் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதை நீங்கள் ஒரு முறை செய்துவிட்டு அந்தப் பதிலை எழுதுங்கள்.

அந்தக் காரை நான் வெறுக்கவில்லை. 1996இல் விற்பனைக்கு வந்த முதல் எலீஸின் எடை வெறும் 725 கிலோ. பசைகொண்டு ஒட்டிய அதன் அலுமினியச் சட்டகம் 68 கிலோதான். நோர்ஃபோக்கின் ஹெத்தல் கிராமத்தில் அதைச் செய்தவர்கள் மிகுந்த நேர்மையோடு செய்தார்கள். பவர் ஸ்டியரிங் வேண்டாம், காற்றுப்பை வேண்டாம், பின்னாசனம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த எடைக்கு வந்தார்கள். ஆகவே நீங்கள் பட்டியலிட்ட குறைகள் அந்தக் கார் பழுதாகி வந்தவை அல்ல, அதன் பிறவியோடு வந்தவை. துணிக்கூரையைக் கையால் சுருட்டி எடுக்க வேண்டுமென்றால் அதன் ஓரங்களில் மழை கசியத்தான் செய்யும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சிறு பெட்டியில் மரக்கறி வைத்தால் வீடு வருவதற்குள் வெந்துபோகும். முன்பக்கம் முழுவதும் ஒரே கண்ணாடியிழை வார்ப்பாக இருப்பதால் தரிப்பிடத்தில் யாரோ இடித்துவிட்டுப் போகும் சிறு அடிக்கும் பெரிய செலவு வரும். அடி சட்டகத்தைத் தொட்டால் காப்புறுதி நிறுவனம் பெரும்பாலும் வண்டியையே கழித்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லோட்டஸ் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ரொமானோ ஆர்தியோலி, தம் பேத்தி எலீசாவின் பெயரிலிருந்துதான் இந்தக் காருக்குப் பெயர் வைத்தார். 1995இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காரைக் காட்டியபோது அந்தச் சிறுமியும் கூடவே இருந்தாள். குடும்பத்தின்மேல் ஒரு மனிதர் வைத்த அன்பு அந்தப் பெயரில் இருக்கிறது. அதே பெயர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது ஒரு பாட்டி உள்ளே தனியாக இருக்கிறார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேட்ட கேள்விக்கும் பதில் தருகிறேன். உங்கள் வண்டியில் இருப்பது ரோவரின் கே-வகை எஞ்சின். அதற்குள் ஓடும் நீர் மிகக் குறைவு. எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருப்பதால், நீண்ட குழாய்களில் குளிர்ந்து கிடக்கும் நீர் சூடான எஞ்சினுக்குள் திடீரெனப் பாயும்போது பாகங்கள் சீராக விரிவதில்லை. கேஸ்கட் போவது பெரும்பாலும் அதனால்தான். திருத்தினால் பல அடுக்கு எஃகுக் கேஸ்கட் போட வேண்டும், சிலிண்டர் லைனர்களின் (சிலிண்டருக்குள் பொருந்தும் உலோக உறைகளின்) உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் பூட்டுகிறவரிடம் 1,900 பவுண் கொடுத்தால் அந்தப் பணம் மீண்டும் நீரோடு போகும். 2004இல் வந்த டொயோட்டா எஞ்சின் எலீஸில் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் அதிலும் இரண்டு ஆசனங்கள்தான். மனைவி இரண்டும் வேண்டாம் என்பதன் காரணத்தை நீங்கள் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு ஒவ்வொரு வெள்ளியும் அந்த இரண்டாவது ஆசனத்தில் போய் உட்காருகிறவர் அவர்தான்.

நான்கு கதவுள்ள ஒரு காரை வாங்கி, அதோடு எலீஸையும் வைத்துக்கொள்ளக் கையில் பணம் இருந்தால் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்; ஞாயிறு காலையில் ஓட்டுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எலீஸை விற்றுவிடுங்கள். விற்கும்போது கேஸ்கட் போயிருப்பதை வாங்குகிறவரிடம் வாய்திறந்து சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். ஆகஸ்டில் ஈலிங் கனகதுர்க்கை அம்மனின் தேர் வருகிறது. அதற்கு முன்பு இதை முடியுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமைக்கு இது எதுவும் தேவையில்லை. ஒரு டாக்சி பிடியுங்கள். வருகிறீர்களா என்று அம்மாவைக் கேட்காதீர்கள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். பின்னேரம் ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம் என்று சொல்லிவிட்டு, சேலையை எடுத்து வைக்க மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கார் பார்க்கப் போகும் நாளிலும் அவரை அதே சேலையோடு கூட்டிப் போங்கள். விற்பனையாளர் எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்று, யாருடைய கையையும் பிடிக்காமல் அவர் உட்கார்ந்து எழுந்து காட்டுகிற காருக்கு மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.