டிரஸ்ஸிங் ரூமில் நடப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குளச்சல் பக்கத்துக் கடலோர ஊர்க்காரன் நான். தொண்ணூறுகளில் பத்து ஆண்டு சென்னையில் ஒரு துறை அணிக்குக் கால்பந்து ஆடினேன். ஊர் திரும்பிய பிறகு பதினேழு ஆண்டாகப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். அணிக்குள் மூத்தவர்கள் இளையவர்களை வதைப்பதையும், பார்த்தவர்கள் வாயே திறக்காமல் இருப்பதையும் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: பயிற்சியின்போது அடிக்கடி மயாமி அணியின் கதையைச் சொல்வீர்களாமே. அங்கே என்னதான் நடந்தது?

ஜோனதன் மார்ட்டின் 2012-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து அமெரிக்காவின் மயாமி டால்பின்ஸ் அணிக்கு வந்தவர். ஆறடி ஐந்து அங்குல உயரம், ஏறக்குறைய 140 கிலோ எடை. 2013 அக்டோபர் 28 அன்று அணியின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு போய் ஒரு மேசையில் உட்கார்ந்தார். அங்கே இருந்த அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் எழுந்து போய்விட்டார்கள். தட்டை வீசிவிட்டு வெளியேறிய மார்ட்டின், அதன்பிறகு அந்த அணிக்கு ஆடவே இல்லை.

விசாரணைக்கு லீக் நிர்வாகம் டெட் வெல்ஸ் என்ற வழக்கறிஞரை நியமித்தது. 2014 பிப்ரவரி 14-ல் 144 பக்க அறிக்கை வந்தது. ரிச்சி இன்காக்னிட்டோ, ஜான் ஜெரி, மைக் பவுன்சி ஆகிய மூன்று சக வீரர்கள் மார்ட்டினைத் தொடர்ந்து துன்புறுத்தினார்கள் என்பது அதன் முடிவு. நிறத்தைச் சொல்லி ஏசுவது, தாயையும் சகோதரியையும் பற்றி வாய்கூசும் பேச்சு என்று அது நீண்டிருக்கிறது. இன்னொரு இளம் வீரரும், ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த உதவி சிகிச்சையாளர் ஒருவரும் அதே கூட்டத்திடம் அவதிப்பட்டிருக்கிறார்கள்.

இதில் என்னை உலுக்கியது ஒரு நோட்டுப்புத்தகம். தங்களுக்குள் விதிக்கும் அபராதங்களை அந்த வீரர்கள் அதில் எழுதி வைத்திருந்தார்கள். மார்ட்டினை உடைத்ததற்கு அபராதம் என்று இன்காக்னிட்டோ தன் பெயரிலேயே 200 டாலர் எழுதிக்கொண்டிருந்தார். விவகாரம் வெடித்ததும், அந்த நோட்டை அழித்துவிடும்படி சக வீரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். நோட்டு விசாரணையாளர்கள் கையில் சிக்கியது. அந்த வீரர்கள் ஆடிய வரிசைக்குப் பொறுப்பான பயிற்சியாளருக்கு வசைகள் தெரிந்தே இருந்தன. அறிக்கை வந்த ஐந்தாம் நாள் அவரும் தலைமை சிகிச்சையாளரும் வேலையை இழந்தார்கள்.

வதைத்தவர்கள் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். வதைபடுகிறவர்கள்தான் ஒருவரி கூட எழுதி வைப்பதில்லை. நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

திங்கள்சந்தை வாசகர்: அது கையில் பிடித்து ஓடும் முட்டை வடிவப் பந்து. நம் கால்பந்தே அல்லவே?

ஆம், அமெரிக்கக் கால்பந்து. ஆட்டம் வேறு, அறை ஒன்றுதான். நம் ஆட்டத்திலேயே வேண்டும் என்றால், இங்கிலாந்தின் க்ராலி டவுன் மேலாளர் ஜான் யெம்ஸ் தன் வீரர்களையே இனத்தையும் மதத்தையும் சொல்லி இழிவாகப் பேசினார். வீரர்கள் தங்கள் சங்கத்திடம் போனார்கள். 2023-ல் அவருக்கு முதலில் 18 மாதத் தடை; அது போதாது என்று கால்பந்து சங்கமே மேல்முறையீடு செய்து மூன்றாண்டு ஆக்கியது.

அருமனை, 22 வயது: முழங்கால் லிகமெண்ட் கிழிந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை தேவையா?

எலும்பு மருத்துவரைப் பாருங்கள், தம்பி.

முட்டம், ஒரு தாய்: என் மகன் வெளியூர் விடுதியில் தங்கி ஆடுகிறான். போனில் "நல்லா இருக்கிறேன்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

அக்கா, அவன் ஊருக்கு வரும்போது முதலில் பையைப் பாருங்கள். நான் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டது எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் அணிக்கு நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது. இடது ஓரத்தில் அவன் ஓடினால் பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். முதல் வாரமே மூத்தவர்கள் அவனுக்கு ஒரு மீனின் பெயரை வைத்தார்கள். அவன் உடை மாற்ற வந்தால் மூக்கைப் பொத்துவார்கள். மெஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் ஜன்னலைத் திறப்பார்கள். நானும் கடற்கரைக்காரன்தான். ஆனால் மூன்றாண்டு மூத்தவன். அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

ஒருநாள் சாக்ஸ் தேடி அவன் பையைத் திறந்தேன். உள்ளே நான்கு பவுடர் டின்கள். ஜெர்சி, துண்டு, பூட்ஸ் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. பூட்ஸைத் தூக்கியதும் மாவு மாதிரிக் கொட்டியது. பையை மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் கேட்கவில்லை.

அந்த சீசன் முடியும் முன்பே அவன் கிளம்பிவிட்டான். பாரிமுனை பஸ் நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். திருவள்ளுவர் பஸ் புறப்படும் நேரத்தில் ஜன்னலோரம் குனிந்து, "அண்ணே, உண்மையாகவே என் மேல் வாடை அடிக்கிறதா?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஊர்த் திருவிழாவில் இன்றும் பார்க்கிறேன். குடும்பம், தொழில் எல்லாம் பேசுவார். பந்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசமாட்டார்.

அதனால்தான் பையைப் பார்க்கச் சொல்கிறேன். பணம் கணக்கில்லாமல் கரைகிறதா, பொருள்கள் தொலைந்துகொண்டே இருக்கின்றனவா, தனக்குப் பொருந்தாத எதையோ சேர்த்து வைத்திருக்கிறானா என்று கவனியுங்கள். மார்ட்டின்கூட தான் போகாத ஒரு லாஸ் வேகாஸ் பயணத்துக்கு 15,000 டாலர் கொடுத்திருக்கிறார். பிறகு உட்காரவைத்து, "யாரோடு சாப்பிடுகிறாய்?" என்று கேளுங்கள். "எப்படி இருக்கிறாய்" என்றால் நல்லா இருக்கிறேன் என்றுதான் வரும். அவன் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கருங்கல், முன்னாள் வீரர்: நாங்களும் அடிவாங்கி, மூத்தவர்கள் பூட்ஸைத் துடைத்துத்தான் வளர்ந்தோம். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு மனவலிமை இல்லை.

நீங்கள் தாங்கினீர்கள். தாங்காமல் போனவர்கள் இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பமாட்டார்கள். அவர்கள் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. உடல்வலிமைதான் மனவலிமை என்றால் 140 கிலோ மார்ட்டினுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. 2013-ல் இரண்டு முறை உயிரை விடும் எண்ணம் வந்ததாக அவர் விசாரணையில் சொல்லியிருக்கிறார். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஓர் எண்ணம் இருந்தால் மனநல உதவி எண் 14416-க்கு இப்போதே கூப்பிடுங்கள். தமிழில் பேசுவார்கள்.

கொட்டில்பாடு, ரசிகர் மன்றத்தைச் சேர்ந்தவர்: அறைக்குள் நடப்பதை வெளியே சொல்பவன் யூதாஸ். அவனை நம்பி யார் பந்தைக் கொடுப்பார்கள்?

இந்தச் சொல்லை நீங்கள் எழுதியது நல்லது. மயாமி வீரர்களும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். சக வீரனைப் பற்றி மேலிடத்தில் சொல்பவனுக்கு அவர்கள் அறையில் பெயர் யூதாஸ். அதற்கு அபராதமும் உண்டு.

நானும் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கா நாடகம் பார்த்து வளர்ந்தவன். யூதாஸ் செய்தது என்ன? குற்றமற்ற ஒருவரை, அவரை வதைக்கக் காத்திருந்தவர்கள் கையில் கொடுத்தான். உங்கள் அறையில் அப்படிக் கையளிக்கப்படுவது யார்? ஆறு பேர் ஒரு பையனைச் சுற்றி நிற்கும்போது கதவைச் சாத்திவிட்டு வெளியே போகிறவன்தான் அவனைக் கையளிக்கிறான். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.

அவரே மீண்டும்: வேதத்தை விளையாட்டுக்குள் இழுக்காதீர்கள். காட்டிக்கொடுத்தல் காட்டிக்கொடுத்தல்தான்.

இழுத்தது நீங்கள். உள்ளே கொண்டுவந்த சொல்லின் பொருளைத்தான் நான் சொன்னேன்.

இரணியல், ஓய்வுபெற்ற ஆசிரியை: யூதாஸ் என்று சொன்ன தம்பிக்கு நானும் ஒன்று சொல்லலாமா? இயேசுவின் சீடர் பேதுருவும், அவர் பிடிபட்ட அன்றிரவு முற்றத்தில் தீக்காய்ந்துகொண்டு "எனக்கு அவரைத் தெரியாது" என்றார். அவர் யாரையும் விற்கவில்லை. பயந்தார், அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகள் பேதுருக்கள் என்று நினைக்கிறேன்.

டீச்சர், எனக்குத் தோன்றாததை எழுதியிருக்கிறீர்கள். என் இருபத்திரண்டு வயதுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. வாய்மூடியவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். மேலே நான் எழுதியதில் அந்த அளவு கடுமை கூடிவிட்டது.

வள்ளவிளை, மீனவர்: அறைக்குள் நடந்ததை அறைக்குள்ளேயே பேசி முடித்தால் என்ன? ஊர்க்கமிட்டி எத்தனை சண்டையைத் தீர்த்திருக்கிறது.

தீர்த்திருக்கிறது, அண்ணாச்சி. சமபலம் உள்ள இருவரின் சண்டையை அது தீர்க்கும். இங்கே பையனின் இடத்தை முடிவு செய்யும் மூத்த வீரரே அடிக்கிறவராகவும் இருப்பார். பேசி முடிக்க உட்காருகிறவரும் அவரேதான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஆழ்கடலில் ஒருவன் தவறி விழுந்தால் முதலில் குரல் கொடுக்கிறவனைப் படகின் மானத்தை வாங்கிவிட்டான் என்று யாரும் ஏசுவதில்லை.

யூதாஸ் பற்றி இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். வாசித்தேன். அந்தப் பேச்சை இத்துடன் நிறுத்துகிறேன், வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

தக்கலை, பெற்றோர்: சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது?

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் நடந்திருந்தால் 2012-ன் போக்சோ சட்டம். தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. "கிளப்பின் பெயர் கெட்டுவிடும்" என்பது சட்டத்தின் முன் ஒரு காரணமே ஆகாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பள்ளி, கல்லூரி, அவற்றைச் சேர்ந்த விடுதி என்றால் தமிழ்நாட்டின் 1997 ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்தது. இரண்டாண்டு வரை சிறை. வயது வந்த தொழில்முறை வீரர்களுக்கு 2006-ல் தொடங்கிய இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது "எப்போது நடந்தது?" என்பதைத்தான். தேதி போட்டு எழுதி வையுங்கள்.

நாகர்கோவில், வீராங்கனையின் தந்தை: தவறு செய்த பயிற்சியாளரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? பெண்ணின் பெயரும் வெளியே வராது.

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்தப் பயிற்சியாளர் எங்கே போவார் என்று யோசியுங்கள். அமெரிக்க மகளிர் லீக்கில் பால் ரைலி என்ற பயிற்சியாளர் மீது மானா ஷிம் என்ற வீராங்கனை 2015-ல் புகார் கொடுத்தார். கிளப் அவரை விலக்கியது. காரணம் சொல்லாமல், நன்றி சொல்லி அனுப்பியது. சில மாதங்களில் அதே லீக்கில் இன்னொரு அணி அவரை எடுத்துக்கொண்டது. 2021-ல் ஷிம்மும் சினெட் ஃபாரெலியும் பத்திரிகையில் பெயரோடு பேசிய பிறகுதான் அவர் வேலை போனது. 2023-ல் நிரந்தரத் தடை. புகாருக்கும் வேலை போனதற்கும் நடுவில் ஆறு ஆண்டு. நம் நாட்டிலும் 2022-ல் பதினேழு வயதுக்குட்பட்ட மகளிர் அணியின் ஐரோப்பியப் பயணத்தின்போது, பாலியல் புகாருக்குப் பிறகு உதவிப் பயிற்சியாளர் ஒருவர் நீக்கப்பட்டார்.

பெண்ணின் பெயர் வெளியே வராமல் காக்க முடியும். சட்டமே அதைச் சொல்கிறது. அதற்காகக் குற்றத்தையும் சேர்த்து மூடவேண்டாம். வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அறை ஒதுக்கீடு எப்படி? பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெரியவர் ஒருவரோடு ஒரே அறையில் தங்கவைத்தால், அனுப்பாதீர்கள். கோப்பை போனால் போகட்டும்.

களியக்காவிளை: கொஞ்சம் கேலி இருந்தால்தானே அணி ஒட்டும்?
குலசேகரம்: கேலிக்கும் வதைக்கும் என்ன வித்தியாசம்?
தோவாளை: சும்மா விளையாட்டுக்குச் செய்வதைப் பெரிதாக்குகிறீர்களே?

ஒரே கேள்வி, பதினோரு பேர். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். கேலி சுற்றி வரும். இன்று என்னை, நாளை உங்களை. ஒரே ஆள் மேல் மூன்று வாரம் நின்றுவிட்டால் அது கேலி அல்ல. அவன் சிரிக்கிறான் என்பீர்கள். மார்ட்டினும் சிரித்தார், இன்காக்னிட்டோவுக்கு ஆயிரக்கணக்கில் குறுஞ்செய்தி அனுப்பினார், நண்பனாகிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார். "வேண்டாம்" என்று சொன்ன மறுநாளும் தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பூத்துறை: செவன்ஸ் போட்டிக்கு எங்கள் அணியைச் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும்?

போட்டி நடத்தும் கமிட்டியை.

ஊர் வேண்டாம், 21 வயது: நான் அணித்தலைவன். விடுதியில் பதினாறு வயதுப் பையன் ஒருவனை இரண்டு சீனியர்கள் படுத்துகிறார்கள். பார்த்துவிட்டேன். "யாரிடமும் சொல்லாதீங்க அண்ணா" என்று அழுகிறான். என்ன செய்வது?

தம்பி, இன்று இரவு மெஸ்ஸில் உன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார். பேச வேண்டியதில்லை, சாப்பிட்டால் போதும். மற்றவர்கள் பார்க்கட்டும். படுக்கையை உன் அறைக்கு மாற்றாதே. அவன் வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறைக்கு மாற்று.

அந்த இருவரும் அவன் உடம்பில் கைவைத்து அசிங்கம் செய்திருந்தால், சொல்லாமல் இருக்கும் உரிமை உனக்கு இல்லை. 1098-க்குக் கூப்பிடு. அவனிடமும் அதை மறைக்காமல் சொல். அப்படி இல்லை என்றால், நாளைக் காலை பயிற்சியாளரிடம் போகப்போவதாக அவனிடம் சொல்லிவிட்டுப் போ. கூட வருகிறாயா என்று கேள். வரமாட்டேன் என்றால் நீ கண்ணால் பார்த்ததை மட்டும் சொல். அவன் சொன்னதாக எதையும் சொல்லாதே. இரண்டு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவன் வீட்டுக்குப் போன் செய்.

இப்போது ஒரு நோட்டை எடு. இன்றைய தேதியைப் போட்டு, எங்கே, எத்தனை மணிக்கு, யார் யார் நின்றார்கள் என்று எழுது. முடித்துவிட்டு எனக்கு எழுது. விழித்திருப்பேன்.