வாசகர் கேள்வி – பதில்: ஓடுகிற ஷாஃப்டின் அருகே

கேள்வி: மக்காச்சோளம் அடிக்க டிராக்டருடன் மெஷினை வாடகைக்கு எடுக்கிறோம். டிராக்டரையும் மெஷினையும் இணைக்கும் ஷாஃப்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை டிரைவர் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். வேலைக்கு வரும் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டால் போதும் என்கிறார். அது சரியா?
– வாசகி, தலைவாசல்

பதில்: சரியில்லை. அந்த ஷாஃப்ட் பெரும்பாலான டிராக்டர்களில் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. இரு முனைகளிலும் கிராஸ் (ஷாஃப்ட் கோணம் மாறினாலும் சுழல உதவும் மூட்டு) பூட்டியிருக்கும் பகுதியின் குறுக்களவு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 31 செ.மீ. துணியும், ஒரு நொடியில் ஏறக்குறைய 2.8 மீட்டர் துணியும் அதில் சுருண்டுகொள்ளும். ஐந்தரை மீட்டர்ச் சேலை முழுவதையும் உருவி எடுக்க அதற்கு இரண்டு நொடி போதும். துணி மாட்டியது என்று உணர்ந்து, கூச்சலிட்டு, அது டிரைவரின் காதில் விழுந்து, அவர் கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். செருகிய முந்தானை குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது அவிழும். பின்னல் முன்னே சரியும். ஆண்களின் தோள் துண்டும் லுங்கியும் இதற்கு விலக்கல்ல. ஆகவே உடையைத் திருத்துவது இரண்டாவது வேலைதான். முதலில் திருத்த வேண்டியது மெஷினை.

உறையைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டியபின், என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, உறையைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஷாஃப்ட் அசையாமல் உறை மட்டும் தனியாகச் சுழல வேண்டும். உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்தோ சேறு படிந்தோ இறுகிப் போயிருந்தால் உறையும் ஷாஃப்டோடு சேர்ந்தே ஓடும். அப்படி ஓடும் உறை துணியைப் பிடிக்காது என்று நம்ப முடியாது. உறையின் முனையில் தொங்கும் சிறு சங்கிலி அழகுக்காக வைத்ததன்று. அதை டிராக்டரிலும் மெஷினிலும் அசையாத ஓர் இடத்தில் மாட்டினால்தான் உறை சுழலாமல் நிற்கும். நம் பக்கத்தில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் இந்தச் சங்கிலிதான்.

இன்னொன்றையும் குனிந்து பாருங்கள். ஷாஃப்டை டிராக்டரில் பிடித்து நிறுத்தும் இரும்பு ஊசி (பின்) தொலைந்துபோனால், கிடைத்த போல்ட்டையோ கட்டுக்கம்பியையோ செருகிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் போல்ட்டின் நுனி விரற்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது கொக்கிதான். ஓடும்போது நுனி கண்ணுக்குத் தெரியாது. ஷாஃப்ட் வழவழவென்று நிற்பதுபோலவே தோன்றும். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில் ஷியர் போல்ட் அறுந்ததும் அதைவிட நீளமான, உறுதியான போல்ட்டைப் போடுகிறவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். மெஷினைக் காக்க அறுந்துபோகவே செய்யப்பட்ட போல்ட் அது.

ஷாஃப்டைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கதிர்க் கூடையுடன் சுற்றித்தான் போக வேண்டும். அடைத்துக்கொண்ட கதிரை எடுக்கும்போது பிடிஓவை (டிராக்டரிலிருந்து ஷாஃப்டுக்கு விசை தரும் இணைப்பை) துண்டித்தால் மட்டும் போதாது. உள்ளே கனமான உருளை சிறிது நேரம் தன் வேகத்திலேயே சுற்றும். அது முழுவதும் நின்றபின் கை வைக்கலாம். கதிரடிக்கும் இயந்திரங்களில் வேலை செய்வோருக்காகவே நாடாளுமன்றம் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தை இயற்றியது. உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் இழப்பீடு தருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இதை மெஷினை வாடகைக்கு விடுபவரிடம் சொல்லி வையுங்கள், உறை சீக்கிரம் வீட்டிலிருந்து வரக்கூடும்.

கேள்வி: டிப்பர் லாரியில் கிளீனராக இருக்கிறேன். தொட்டியைத் தூக்கும் பம்பை ஓட்டும் ஷாஃப்டுக்கு, என்ஜின் ஓடும்போதே கீழே படுத்து கிரீஸ் அடிக்கச் சொல்கிறார்கள். கேபினில் இது குறித்த எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஆனால் மெல்லிய ஷாஃப்ட்தானே, மெதுவாகத்தானே ஓடுகிறது என்கிறார் முதலாளி.
– வாசகர், சங்ககிரி

பதில்: மெதுவாக ஓடினாலும் ஷாஃப்டின் மறுமுனையில் இருப்பது லாரி என்ஜினின் முழு பலம். கிராஸை ஷாஃப்டோடு இறுக்கும் செட் ஸ்க்ரூவின் தலையும், அது கழலாமலிருக்கச் சுற்றிய கம்பியும், கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சட்டைக் கையை இழுக்க அது போதும். படுத்திருப்பவரால் பின்னால் நகரவும் முடியாது. சுழலும் ஷாஃப்டில் செட் ஸ்க்ரூவும், சக்கரத்தை ஷாஃப்டோடு பிணைக்கச் செருகும் கீ என்ற இரும்புத் துண்டும் உள்ளே அமிழ்ந்திருக்க வேண்டும் அல்லது மூடப்பட்டிருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 26-ஆவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. சட்டம் தொழிற்சாலைக்கு எழுதப்பட்டது; துருத்தும் ஸ்க்ரூ லாரிக்குக் கீழேயும் அதே வேலையைத்தான் செய்யும். தலை துருத்தாத, உள்ளே அமிழும் ஸ்க்ரூவாக மாற்றித் தருவது எந்தப் பட்டறையிலும் சின்ன வேலை.

என்ஜினை நிறுத்துங்கள், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், டிரைவரின் பையில் அல்ல. தொட்டி தூக்கியிருந்தால் முட்டுக் கொடுக்காமல் அதன் கீழே போகவே கூடாது. கிரீஸ் அடிக்க ஷாஃப்ட் ஓட வேண்டியதில்லை. நிற்கும்போதுதான் நிப்பிளில் கிரீஸ் கன் ஒழுங்காகப் பிடிக்கும். கசிவு பார்ப்பதற்காக ஓட விட்டே ஆக வேண்டும் என்றால், வண்டிக்கு வெளியே நின்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் லாரி நின்றுவிட்டால், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி இழுத்துப் போகிறார்கள். அதில் ஆபத்து உண்டா?
– வாசகர், ஏற்காடு

பதில்: உண்டு. என்ஜின் ஓடாதபோது சக்கரங்கள் கியர்பாக்ஸைச் சுழற்றினால் அதற்கு ஆயில் ஏறாது. அதற்காகத்தான் கழற்றுகிறார்கள், அது முறைதான். ஆனால் ஷாஃப்ட் கழன்ற நொடியிலிருந்து கியரில் போட்டு வைத்தது வண்டியைத் தாங்காது. கியர்பாக்ஸின் பின்புற டிரம்மில் பிடிக்கும் கைபிரேக் உள்ள பழைய வண்டியென்றால் கைபிரேக்கும் பயனற்றுப் போகும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் சமதளம் தேடிக் கிடைக்காது. ஆகவே போல்ட்டைத் தொடுமுன் பின்சக்கரங்களுக்குச் சரிவின் பக்கம் பெரிய கட்டை வையுங்கள். சாலையோரக் கல்லை நம்பாதீர்கள். கடைசி போல்ட்டைக் கழற்றுமுன் ஷாஃப்டைக் கயிற்றால் சேஸிஸில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் முழு எடையும் கீழே படுத்திருப்பவரின் மார்பில் இறங்கும். போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டுகளான ஃபிளாஞ்சுகள் இரண்டிலும் உளியால் குறி போட்டு வைத்து, பூட்டும்போது அதே குறியில் சேர்க்கச் சொல்லுங்கள். மாறிப்போனால் அதிர்வு வந்து, ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் போய்விடும்.